தமிழ்ப் புனைகதைத் தொடக்கங்களில் 'வருபொருள்': முதல் வினைமுற்றும் கதைசொல்லியின் தொலைவும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுகதை, நாவல் ஆகியவற்றின் தொடக்கம் வலுவானதா என்பதை அது தரும் அதிர்ச்சியைக் கொண்டோ சொல்லழகைக் கொண்டோ மதிப்பிடுவது பெருவழக்காக உள்ளது. கதைமாந்தரைக் குறிக்கும் முதல் வினைமுற்று, கதைசொல்லிக்கும் அம்மாந்தருக்கும் இடையிலான தொலைவைத் தமிழில் உடனே தீர்மானித்துவிடுகிறது என்பதையும், தண்டியலங்காரம் கூறும் 'வருபொருள்' என்னும் கருத்து உரைநடைப் புனைவின் தொடக்கத்தை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புனைகதைத் தொடக்கம், வருபொருள், வினைமுற்று, மரியாதைப் பன்மை, சுந்தர ராமசாமி, புதுமைப்பித்தன், கல்கி, அசோகமித்திரன்

முன்னுரை

முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது எழுதப் பழகுவோருக்குத் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை. அதன் விளைவாகப் பிணத்தோடும் அலறலோடும் தொடங்கும் கதைகள் பெருகியுள்ளன. அவற்றுள் பலவற்றில் இரண்டாம் பக்கத்திற்குப் பிறகு அந்தப் பிணத்திற்கு வேலையே இருப்பதில்லை. தொடக்கத்தைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய ஓர் உத்தியாகக் கருதுவதே இதற்குக் காரணம். தமிழ் இலக்கண மரபு அதனை அவ்வாறு கருதவில்லை.

காப்பியம் வாழ்த்து, வணக்கம், வருபொருள் என்பவற்றுள் ஒன்றோ பலவோ முன்வரத் தொடங்க வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் விதி. அச்சுக்கால உரைநடையில் முதலிரண்டும் உதிர்ந்துவிட்டன. வரவிருக்கும் பொருளை முன்னரே உணர்த்துதல் என்னும் மூன்றாவது மட்டும் உருமாறி நிலைத்தது. வருபொருள் உரைத்தல் என்பது கதையின் முடிவை ஒளித்துவைத்து ஆவலைத் தூண்டுவதன்று. சிலப்பதிகாரப் பதிகம் கண்ணகியின் கதையை முழுவதுமாக முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால் மதுரைக் காண்டத்தின் கனல் குறைந்துவிடவில்லை. என்ன நடக்கும் என்பதைக் காட்டிலும், நடப்பதை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதையே தொடக்கம் வாசகரிடம் தருகிறது.

ஒருமையும் பன்மையும்

தமிழில் இந்த அளவுகோலைத் தருவதற்கு மொழியே ஒரு கட்டாயத்தை விதிக்கிறது. படர்க்கையில் ஒருவரைப் பற்றி எழுதத் தொடங்கும் எழுத்தாளர், முதல் வாக்கியம் முடிவதற்குள் '-ஆன்', '-ஆள்', '-ஆர்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவர் பெரியவரா, நமக்கு நெருங்கியவரா, நாம் அவரை எங்கிருந்து பார்க்கிறோம் என்னும் வினாக்களுக்கு விடை அந்த விகுதியில் அமைந்துவிடுகிறது. பால், எண் விகுதிகளோடு மரியாதைப் படிநிலையை ஏற்காத வினைகளைக் கொண்ட மொழிகளில் இந்த முடிவைப் பல பக்கங்களுக்குத் தள்ளிப்போட முடியும். தமிழில் தன்மை இடத்தில் எழுதினால் மட்டுமே ஓரளவு தப்பலாம். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் வேதநாயகம் பிள்ளை நாயகனையே 'நான்' என்று பேசவைத்தது இச்சிக்கலைத் தவிர்ப்பதற்காக என்று சொல்வதற்கில்லை. எனினும் தொலைவு பற்றிய கேள்வி அங்கே எழாமலே போகிறது.

இத்தேர்வின் முழு ஆற்றலையும் காட்டும் தொடக்கம் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நாவலுடையது. ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் கற்பனை மலையாள எழுத்தாளனின் இறப்பை அதன் முதல் வாக்கியம் அறிவிக்கிறது. இறந்த நாள் 1960 ஜனவரி 5. அப்போது அவனுக்கு வயது 39. ஆல்பெர் காம்யு ஜனவரி 4ஆம் நாள் கார் விபத்தில் இறந்தது வரலாறு. அதற்கு மறுநாளில் ஜே.ஜே.யின் சாவு பொருத்தப்படுகிறது. உண்மையான ஒரு சாவுக்கு அருகில் வைத்ததால் கற்பனைச் சாவுக்கும் அதன் எடை சிறிது வந்துவிடுகிறது. ஓர் ஐரோப்பியச் சிந்தனையாளருக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கவன் இவன் என்னும் கோரிக்கையும் அங்கேயே எழுகிறது. அக்கோரிக்கையை நாவல் ஏற்கிறதா, எள்ளி நகையாடுகிறதா என்பதே நூல் முழுவதும் நம்மைத் தொடரும் வினா.

பெயரில் தொடங்கி, நாளையும் வயதையும் காம்யுவையும் கடந்து, வினைமுற்றில் முடிகிறது அவ்வாக்கியம். பயனிலையை இறுதிக்கு ஒதுக்கும் தமிழ்த் தொடரமைப்பு, செய்தியைக் கடைசிச் சொல் வரை காக்க இடந்தருகிறது. அந்தக் கடைசிச் சொல் 'இறந்தார்' அன்று, 'இறந்தான்'. கம்பன், வள்ளுவன், பாரதி என்று பெரும் புலவர்களை ஒருமையில் சுட்டுவது தமிழ் வழக்கு. அவ்வொருமை அவமதிப்பன்று, மரியாதைச் சொல் தேவைப்படாத உயரம் அது. முன்பின் அறியாத ஒரு பெயரை அவ்வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது இந்த '-ஆன்'. கதைசொல்லியான பாலுவின் வழிபாட்டு மனநிலையும் உரிமை பாராட்டலும் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லிக்கொள்ளாமலே வெளிப்பட்டுவிடுகின்றன. அந்த விகுதியை 'ஆர்' என மாற்றினால் எஞ்சுவது ஒரு நாளிதழ் இரங்கற்குறிப்பே.

புதுமைப்பித்தன் எதிர்த்திசையில் செல்கிறார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை, நாயகரின் ஊர், தந்தை, தலைப்பெழுத்துகள் எல்லாவற்றையும் அடுக்கி, 'அவர்கள்' என்னும் ஒட்டும் சேர்த்து, திருமண அழைப்பிதழின் மிடுக்கோடு அவரை அறிமுகப்படுத்துகிறது. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்று அவர் ஆழ்ந்து சிந்திப்பதோ டிராமில் போனால் என்ன மிஞ்சும், பஸ்ஸில் போனால் என்ன மிஞ்சும், மிஞ்சுவது வெற்றிலைக்கா காப்பிக்கா என்பது. மரியாதைப் பன்மைக்கும் காலணாக் கணக்குக்கும் இடையில் உள்ள இடைவெளியே நகைச்சுவை. கதையின் பொருளும் அதுவே. சற்று நேரத்தில் கடவுள் வந்து வழி கேட்கும்போது அவரும் இந்தக் கணக்குக்குள் வந்துசேர்கிறார்; பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் செலுத்துகிறார். மனிதரோடு உடனிருந்து வாழ முடியாது என்னும் இறுதி உணர்வு, அச்சந்தியில் போட்ட கணக்கின் விடை.

நிலத்திலிருந்து தொடங்குதல்

மாந்தரிடம் நேரே செல்லாமல் நிலத்திலிருந்து தொடங்கும் வழக்கம் நம்மிடம் பழையது. கம்பராமாயணத்தின் பாலகாண்டம் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் என்று உள்நோக்கி நகர்ந்த பிறகே அரசனை அடைகிறது. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' மதுரைப் பகுதியின் சிறுகுளம் என்னும் ஊர், அதிலுள்ள ஒரு வீடு, அவ்வீட்டின் முத்துஸ்வாமி அய்யர் என்று அதே வரிசையைச் சிறிய அளவில் பின்பற்றுகிறது. கல்கி இதனை மேலும் நுட்பமாகக் கையாண்டார். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில், காலவெள்ளத்தில் ஓடம் ஏறி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கி வருமாறு வாசகரை அழைத்த பின், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மீது வரும் வந்தியத்தேவனைக் காட்டுகிறார். ஆற்றுப்படலத்தின் நவீன வடிவம் என்றே இதனைக் கொள்ளலாம். ஆனால் அவ்வத்தியாயம் புதுப்புனல் வருணனையோடு நின்றுவிடவில்லை. மக்களின் கொண்டாட்டத்தினிடையே பழுவேட்டரையரின் பனைக்கொடி தாங்கிய படகுகள் வருகின்றன; கூட்டம் அஞ்சி ஒதுங்குகிறது. செழிப்பின் மீது அதிகாரத்தின் நிழல் விழுவதே ஐந்து பாகங்களுக்கும் உரிய வருபொருள். வருணனை மட்டும் இருந்திருந்தால் அதனைப் பயணக் குறிப்பாகவே படித்திருப்போம்.

ஓசையற்ற தொடக்கம்

வலுவான தொடக்கம் உரக்கப் பேச வேண்டியதில்லை என்பதற்கு அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' சான்று. ஓர் அலுவலகத்தின் டிபன் இடைவேளை எத்தனை மணிக்கு என்னும் தகவலோடு தொடங்குகிறது கதை. இதைவிடச் சுவையற்ற செய்தியைத் தேடிப் பிடிப்பது அரிது. ஆனால் அந்த இடைவேளை 'எங்களுக்கு' உரியது. 'நமக்கு' என்னாமல் 'எங்களுக்கு' என்னும்போது, கேட்போரும் வெளியிலிருந்து வருவோரும் அவ்வட்டத்தின் புறத்தே நிறுத்தப்படுகின்றனர். வேலை குறைந்திருந்தாலும் சம்பளம் உள்ளவர்களின் அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் புலிவேடம் கட்டும் காதர் வந்து வாய்ப்புக் கேட்கிறான். அவனது கலை உள்ளிருப்பவர்களைத் திகைக்க வைத்தாலும் வட்டத்தின் எல்லை அழியவில்லை. உளப்படுத்தாத் தன்மைப்பன்மையை மொழி வைத்திருப்பதால் மட்டுமே கிடைத்த வலு இது.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த் தொடக்கமும் கவனிக்கத்தக்கது. கல்லூரி வாசலில் பேருந்துக்காக நிற்கும் மாணவியரின் வண்ணக் கூட்டம் சிறிது சிறிதாகக் கலைய, மழையில் ஒரு பெண் மட்டும் எஞ்சுகிறாள். அவள் தனிமையைக் கதை விளக்கவில்லை. கழித்தல் கணக்காகக் காட்டிவிடுகிறது.

ஒரு சோதனை

எழுதிய தொடக்கத்தைச் சோதிக்க விரும்புவோர் முதல் வினைமுற்றின் விகுதியை மாற்றிப் பார்க்கலாம். கந்தசாமிப் பிள்ளையை '-ஆன்' ஆக்கினால் கதை ஏளனமாகச் சரிகிறது. பிறகு கடவுள் அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வருவதற்கே நியாயம் இல்லாமல் போகிறது. 'எங்களுக்கு' என்பதை 'நமக்கு' ஆக்கினால் காதரும் நம்மில் ஒருவனாகிவிடுகிறான். அவன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. விகுதியை மாற்றிய பின்னும் கதை எந்த எதிர்ப்பும் காட்டாமல் முன்போலவே ஓடுமானால், அதை எழுதியவர் தம் மாந்தரை எங்கிருந்து பார்க்கிறார் என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை. அந்நிலையில் முதல் வரியில் இன்னொரு பிணத்தைச் சேர்ப்பதால் பயன் விளையாது.