எலுமிச்சம்பழம் கொழுப்பைக் கரைக்குமா?

“காலையில வெறும் வயித்துல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, தேன் விட்டுக் குடிங்க. கொலஸ்ட்ரால் எல்லாம் கரைஞ்சு ஓடிடும்!”

சேலத்தில் இந்த யோசனை கிடைக்காத தெருவே இருக்காது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலோ, “ரெண்டு முட்டை கூடப் போனா என்ன? ஒரு சாத்துக்குடி ஜூஸ் குடிச்சா சரியாப் போச்சு” என்பார்கள்.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. “அதான் எலுமிச்சை குடிக்கிறேனே” என்று, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆபத்தே அங்கேதான்!

தோலில் இருக்கும் சமாசாரம்

எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, நார்த்தை, பம்பளிமாஸ் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஃப்ளேவனாய்டு என்ற பொருள்கள் உண்டு. அவற்றில் ஒன்றான ஹெஸ்பெரிடினை 1828-லேயே ஆரஞ்சுத் தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். பம்பளிமாஸின் லேசான கசப்புக்குக் காரணம் நரிஞ்சின். கமலா ஆரஞ்சுத் தோலில் இருப்பது நோபிலெடின்.

2011-ல் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில், கொழுப்பு மிகுந்த தீனியோடு நோபிலெடினையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் குண்டாகவில்லை, கொலஸ்ட்ராலும் ஏறவில்லை. ஆஹா என்று இருக்கிறதல்லவா? ஆனால் நாம் எலி இல்லையே!

கொலஸ்ட்ரால் ஓரளவு கூடியிருந்த சுமார் 200 பேருக்கு ஹெஸ்பெரிடின் அல்லது நரிஞ்சின் மாத்திரையை 4 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். குறையவே இல்லை.

அப்படியானால் பழம் வீணா?

இல்லவே இல்லை. பழத்தின் சுளைத் தோலிலும் வெள்ளைப் பகுதியிலும் பெக்டின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. இது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். புதிதாகப் பித்தநீர் தயாரிக்க, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். அதனால் அளவு கொஞ்சம் இறங்கும். கொஞ்சம்தான், மாத்திரைக்கு ஈடாகாது.

இந்த நார், கடையில் வடிகட்டித் தரும் ஜூஸில் பெரும்பாலும் போய்விடுகிறது. அதில் போடும் 3 டீஸ்பூன் சர்க்கரை மட்டும் சுமார் 50 கலோரி. எலுமிச்சை நீரில் விடும் 2 டீஸ்பூன் தேன் சுமார் 40 கலோரி. இளைக்கக் குடிப்பதே எடையைக் கூட்டினால்?

பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எலுமிச்சை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் நாம் குடிக்கும் சாறு இரைப்பைக்குத்தான் போகிறது. இடுப்புச் சதைக்கு அல்ல.

பம்பளிமாஸ்... ஜாக்கிரதை!

பம்பளிமாஸின் நெருங்கிய சொந்தம் கிரேப்ஃப்ரூட். (பெயரில்தான் ‘கிரேப்’, திராட்சை இல்லை!) இதன் சாறு சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும் என்பதை 1989-ல் கனடாவின் டேவிட் பெய்லி குழு தற்செயலாகக் கண்டுபிடித்தது. குடலில் மருந்தைச் சிதைக்கும் என்சைமை இந்தப் பழம் முடக்கிவிடுவதுதான் காரணம். பம்பளிமாஸிலும் அதே பொருள்கள் உண்டு.

சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகளும், ஃபெலோடிபின் போன்ற சில பி.பி. மாத்திரைகளும் இதில் மாட்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காரணமில்லாமல் தசைவலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

* ஏற்காடு, கொல்லிமலை ஆரஞ்சு வந்தால் ஜூஸ் போடாமல் சுளையாகச் சாப்பிடுங்கள். வெள்ளை நாரை உரித்து எறிய வேண்டாம்.

* கமலா ஆரஞ்சுத் தோலை நன்றாகக் கழுவி, குழம்பாகவோ பச்சடியாகவோ செய்யலாம். எண்ணெய் மட்டாக இருக்கட்டும்.

* உப்பு நார்த்தங்காய் ருசிதான். ஆனால் பி.பி. உள்ளவர்களுக்குத் தினமும் ஆகாது.

* சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

* எலுமிச்சை நீர் பிடித்திருந்தால் தேன், சர்க்கரை இல்லாமல் தாராளமாகக் குடியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்!