கொல்லை நார்த்தங்காயில் மார்மலேட்: கசப்பை வீணாக்காதீங்க!

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், திருமயம் பக்கத்துக் கிராமங்களில், கொல்லையில் ஒரு நார்த்தை மரம் நிற்கும் வீடுகள் இன்னமும் உண்டு. முன்பெல்லாம் காய்களைப் பறித்து, சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, ஜாடியில் குலுக்கி, வெயிலில் காயவைத்துவிடுவார்கள். பழைய சோற்றுக்கும் தயிர்சாதத்துக்கும் வருடம் முழுக்க அதுதான் துணை.

இப்போது பல வீடுகளில் பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பிள்ளைகளோ கசப்பு என்று தொடுவதே இல்லை. பழுத்த நார்த்தை மரத்தடியிலேயே விழுந்து அழுகுகிறது. அந்தப் பழத்தைப் பிள்ளைகளின் தட்டுக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது: மார்மலேட்.

பெயர் நம்ம ஊர்ப் பெயர்தான்!

மார்மலேட் என்பது ஆரஞ்சுத் தோலையும் சாற்றையும் சர்க்கரையில் காய்ச்சும் ஒருவகை ஜாம். போர்ச்சுகல்லில் 'மார்மெலோ' என்ற பழத்தைக் காய்ச்சிச் செய்த இனிப்பிலிருந்து வந்த பெயர் இது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1797-ல் தொழில் தொடங்கிய கெய்லர் குடும்பத்தால் ஆரஞ்சு மார்மலேட் பெரிய வியாபாரமானது. அதற்குப் பயன்படுவது ஸ்பெயினின் செவில் ஆரஞ்சு. உரித்துச் சாப்பிட முடியாத அளவுக்குக் கசப்பும் புளிப்பும் கொண்டது.

'ஆரஞ்சு' என்ற சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. அரபியின் 'நாரஞ்ச்', பாரசீகத்தின் 'நாரங்', சமஸ்கிருதத்தின் 'நாரங்க' என்று பின்னோக்கிப் போனால், அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்கிறார்கள் மொழியறிஞர்கள். நம் 'நாரத்தை' அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரி!

ஏன் நார்த்தை?

கடையில் கிடைக்கும் கமலா ஆரஞ்சுக்குத் தோல் மெல்லிசு, கசப்பும் குறைவு. அதை மட்டும் காய்ச்சினால் வெறும் தித்திப்புதான் நிற்கும். மார்மலேட் கெட்டியாவதற்குக் காரணம் பெக்டின். அது தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதையிலும் விதையிலும் அதிகம். நார்த்தங்காயில் அந்த வெள்ளைச் சதைக்குப் பஞ்சமே இல்லை. ஆரஞ்சு மணமும் நிறமும் தரும். நார்த்தை கசப்பும் கெட்டித்தன்மையும் தரும்.

தேவையானவை

ஆரஞ்சு - 300 கிராம்
பழுத்த நார்த்தங்காய் - 200 கிராம்
எலுமிச்சம்பழம் - 1
சர்க்கரை - 750 கிராம்
தண்ணீர் - ஒன்றேகால் லிட்டர்

முதல் நாள்

பழங்களை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடைப் பழங்களில் மெழுகு பூசியிருக்கலாம். இரண்டாக வெட்டிச் சாறு பிழியுங்கள். விதைகளையும் உள்சவ்வையும் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் மூட்டை கட்டுங்கள். ஆரஞ்சு, நார்த்தைத் தோல்களைத் தீக்குச்சி கனத்தில் நறுக்குங்கள். நார்த்தைத் தோலை மட்டும் தனியாக 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசப்பு மட்டுப்படும். பிறகு தோல், சாறு, மூட்டை எல்லாவற்றையும் அளந்த தண்ணீரில் போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அலுமினியம், பித்தளை வேண்டாம், புளிப்பு அரித்துவிடும்.

மறுநாள்

சிறுதீயில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். தோலை எடுத்து விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். இதுதான் முக்கியம். சர்க்கரை சேர்த்த பிறகு தோல் மேற்கொண்டு வேகாது, விறைத்துக்கொள்ளும். தண்ணீர் பாதியாகச் சுண்டியதும் மூட்டையை ஆறவைத்து நன்றாகப் பிழியுங்கள். கொழகொழவென்று வருவதில்தான் பெக்டின் இருக்கிறது.

இப்போது சர்க்கரையைச் சேர்த்து, சிறுதீயில் முழுதும் கரைந்த பின் தீயைக் கூட்டுங்கள். பொங்கித் தெறிக்கும், ஆழமான பாத்திரமாக இருக்கட்டும், குழந்தைகள் அருகில் வர வேண்டாம். 15 நிமிடம் கழித்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழவில்லையென்றால் இன்னும் சில நிமிடம் கொதிக்கவிட்டுத் திரும்பப் பாருங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 104-105 டிகிரி செல்சியஸ்.

அடுப்பை அணைத்து 10 நிமிடம் பொறுங்கள். உடனே ஊற்றினால் தோல் எல்லாம் மேலே மிதக்கும். கொதிநீரில் போட்டெடுத்து நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில், சூட்டோடு நிரப்பி மூடுங்கள். திறந்த பின் ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூனால் எடுங்கள்.

சரியாக வரலையா?

நீர்க்க இருந்தால் மறுபடி கொதிக்கவைத்துச் சரிசெய்யலாம். கருத்து, பாகு இறுகிவிட்டால் கொதி அதிகம்; அடுத்த முறை தட்டுச் சோதனையை முன்னதாகத் தொடங்குங்கள்.

இதில் சர்க்கரை பாதிக்கும் மேல். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. மற்றவர்களுக்கு பிரெட்டிலோ சூடான சப்பாத்தியிலோ ஒரு ஸ்பூன் போதும். நாலு நாளில் பிள்ளைகளின் நாக்குக்கு அந்த இளங்கசப்பு பழகிவிடும். பழகிய நாக்கு நார்த்தங்காய் ஊறுகாயையும் ஒருநாள் கேட்கும்.

2018 நவம்பர் 16-ல் வந்த கஜா புயல் இந்த மாவட்டத்தில் தென்னை, பலா, மா என்று ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி மரம் வைக்கிறவர்கள், கொல்லை மூலையில் ஒரு நார்த்தங்கன்றுக்கும் இடம் கொடுங்கள். உப்பில் போடவோ, சர்க்கரையில் காய்ச்சவோ, காய் வீட்டிலேயே இருக்கும்.