மனநோய்க்கு இரத்தப் பரிசோதனை எதற்காக?

“ஒரு ஸ்கேன் எடுத்து இன்ன நோய் என்று உறுதியாகச் சொல்லக் கூடாதா?” மனநலப் பிரிவிற்கு வரும் குடும்பத்தார் பலரும் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியே. ஆனால், சர்க்கரை நோயை இரத்தத்தில் அளந்து கூறுவதுபோல மனச்சிதைவையோ இருமுனை மனநோயையோ கண்டறிந்து கூறும் பரிசோதனை வழக்கமான மருத்துவ நடைமுறைக்கு இன்னும் வரவில்லை. மூளையில் கட்டி போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கவே ஸ்கேன் உதவுகிறது.

ஆய்வுகள் நடைபெறாமல் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸும் அந்நகர ஆய்வு நிறுவனங்களும், மனநோய் பலருக்குள்ள குடும்பங்களின் இரத்த அணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து 2016 முதல் ஆராய்ந்து வருகின்றன. அதன் பயன் நோயாளியை வந்தடையக் காலம் ஆகும்.

எனினும், ஆய்வுக்கூடத்திலிருந்து ஏற்கெனவே நம் கைக்கு வந்துசேர்ந்த கருவி ஒன்று உண்டு. அது லித்தியம் அளவுப் பரிசோதனை. இருமுனை மனநோயின் மிகையெழுச்சியை லித்தியம் தணிக்கிறது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால், இரத்தத்தில் அதை அளக்கும் முறை வந்த பின்னரே அம்மருந்து பாதுகாப்பாகப் பயன்பட்டது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது நலம். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மக்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவே கையாளுகிறது. கரிசல் காட்டிலும் கரிமூட்டத்திலும் வேலை செய்து வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறும்போது, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்கிறது. மாத்திரையின் அளவு மாறாதபோதும் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். வயிற்றுப்போக்கும், உடல்வலிக்கு வாங்கி உண்ணும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் இதே விளைவைத் தரும்.

ஆகவே, கோடையில் தண்ணீரும் உப்பிட்ட மோரும் தவறாமல் அருந்துங்கள். உணவில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். எந்த மருந்து வாங்கினாலும் லித்தியம் உண்பதைத் தெரிவியுங்கள். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மற்றபடி மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. நோய் மீண்டும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

கடைசி மாத்திரை உண்ட 12 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்கு உண்டவர் காலை 8 மணிக்கு இரத்தம் கொடுக்கலாம். காலை மாத்திரையைக் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பின் உண்ணலாம். சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தேவை.

மனச்சிதைவுக்குக் குளோசபின் உண்பவர்க்கு வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால், முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தம் பார்க்கிறோம். அவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே வர வேண்டும்.

நோயின் பெயரைச் சொல்ல இப்பரிசோதனைகளால் இயலாது. ஆனால், நோயாளியின் உயிரைக் காக்க இயலும். கூலி ஒருநாள் போகிறதே என்று எண்ணி இவற்றைத் தவிர்க்க வேண்டாம்.