சுவர்ல பூஞ்சையா? உங்க அட்வான்ஸைக் காப்பாத்திக்கோங்க!

சென்னையில மழை முடிஞ்சதும் பல வாடகை வீடுகள்ல பீரோவுக்குப் பின்னாடி கறுப்பா பூஞ்சை தெரியும். கண்டுக்காம விட்டா, காலி பண்ணும்போது "நீங்கதான் சுவரைக் கெடுத்தீங்க"னு பெயின்ட் செலவை அட்வான்ஸ்ல பிடிக்க வாய்ப்பு இருக்கு. 15,000 ரூபாய் வாடகைக்கு 3 மாச அட்வான்ஸ்னாலே 45,000 ரூபாய்!

முதல்ல ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. சுவரைத் துடைச்சு, அலுமினியம் ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 2 நாள் விடுங்க. சுவர்ப் பக்கம் நனைஞ்சிருந்தா, பைப் லீக் அல்லது வெளிச்சுவர் விரிசலா இருக்கலாம். வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா, அது ரூம் காற்றோட ஈரம். ஜன்னலைத் திறந்து வைங்க, துணியை உள்ளே காயப்போடாதீங்க.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதலைன்னா, கட்டடத்தோட அடிப்படை ரிப்பேர், பைப் மாத்துறது, வெள்ளையடிக்கிறது எல்லாம் ஓனர் பொறுப்பு. நீங்க உண்டாக்கின சேதம் உங்க செலவு.

போன்ல பேசினாலும், போட்டோவோட வாட்ஸ்அப்ல இப்படி அனுப்பிடுங்க: "சார், பெட்ரூம் சுவர்ல ஈரம் ஊறுது. இந்த வாரம் பிளம்பரை அனுப்ப முடியுமா?" தேதியோட இருக்கிற அந்த மெசேஜ்தான் நாளைக்கு உங்க ஆதாரம்.

கோபத்துல வாடகையை மட்டும் நிறுத்திடாதீங்க. 2 மாசம் பாக்கி வந்தா, காலி பண்ணச் சொல்ல ஓனருக்குச் சட்டப்படி காரணம் கிடைக்கலாம். இன்னைக்கே அக்ரிமென்ட்டை எடுத்து, ரிப்பேர் பத்தின வரியைப் படிச்சிடுங்க.