உரிமச் சொல்லும் பொருள் முரணும்: கியூட்டி நிரலகச் சிக்கல்

1. முன்னுரை

கணிப்பொறித் திரையில் தோன்றும் சாளரம், பொத்தான், பட்டியல் முதலியவற்றை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதுவதில்லை. அவற்றை வரைந்து இயக்கும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு நிரலகம் எனப்படும். ஒரு மென்பொருள் நிரலகத்தோடு இணைக்கப்படும்போது இரண்டின் உரிமங்களும் ஒருங்கே செயற்படுகின்றன. தனித்தனியே நோக்கின் தாராளமாகத் தோன்றும் இரு உரிமங்கள், சேர்ந்து நிற்கும்போது முரண்படக்கூடும். இம்முரண் சட்டத்தின்பாற்பட்டதாகத் தோன்றினும் அடிப்படையில் சொற்பொருள் பற்றியதே என்பதைக் கியூட்டி நிரலகத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. ஒரு சொல், இரு பொருள்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் சொல் விலையின்மையையும் தடையின்மையையும் ஒருங்கே குறிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் நிறுவிய அறக்கட்டளை இரண்டாம் பொருளையே கொண்டது. அதாவது, மென்பொருளை இயக்கவும், ஆராயவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அதன் கொள்கை. இவ்வுரிமைகளைக் காக்கும் க்னூ பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளிவந்தது.

நார்வே நாட்டின் ட்ரோல்டெக் நிறுவனம் 1995இல் கியூட்டி நிரலகத்தை வெளியிட்டது. யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு அது விலையின்றிக் கிடைத்தது. மூலநிரலும் உடன் தரப்பட்டது. ஆயினும், நிரலகத்தை மாற்றி வழங்க இசைவில்லை. ஆகவே, அது முதற்பொருளில் 'ஃப்ரீ' ஆயிற்று. இரண்டாம் பொருளில் ஆகவில்லை.

3. முரணின் இயல்பு

1996 அக்டோபரில் ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.இ. என்னும் மேசைத்தளத் திட்டத்தைத் தொடங்கினார். அது கியூட்டியின்மேல் எழுப்பப்பட்டது. அதன் பயன்பாடுகள் பல பொதுமக்கள் உரிமத்தில் வெளியிடப்பட்டன. இவ்வுரிமமோ, இயங்குவடிவத்தை வழங்குவோர் அதில் அடங்கிய எல்லாக் கூறுகளின் மூலநிரலையும் அதே உரிமத்தின்படி தரவேண்டும் என்கிறது. பெறுவோர்மீது கூடுதல் தடை விதித்தலையும் விலக்குகிறது. மாற்றி வழங்கத் தடையுள்ள நிரலகம் ஒரு கூறாயின் இந்நிபந்தனை நிறைவேறாது.

இயங்குதளத்தின் இயல்பான பகுதிகளுக்கு அவ்வுரிமம் விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால், அப்பகுதி இயங்குவடிவத்தோடு உடன்வருமாயின் விலக்கு பொருந்தாது என்று அத்தொடர் முடிகிறது. கியூட்டியையும் கே.டி.இ.யையும் ஒரே தொகுப்பில் வழங்குவோருக்கு 'உடன்வரல்' என்னும் அச்சொல்லே தடையாயிற்று.

நிரலை எழுதியவரே கியூட்டியோடு இணைத்திருப்பதால் அவர்தம் இசைவு குறிப்பால் பெறப்படும் என வாதிடப்பட்டது. தம் நிரலைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே. பிறர் எழுதிய நிரலை எடுத்தாண்ட இடத்தில் அப்பிறரின் இசைவை ஊகிக்க இடமில்லை.

4. விளைவும் தீர்வும்

இச்சிக்கல் சொற்போரோடு நிற்கவில்லை. 1997 ஆகஸ்டில் மிகல் டி இகாசா, ஃபெடரிக்கோ மேனா ஆகியோர் க்நோம் என்னும் மாற்று மேசைத்தளத்தைத் தொடங்கினர். அது ஜி.டி.கே. நிரலகத்தைக் கொண்டது, அந்நிரலகத்தின் நெகிழ்வான உரிமம் எவ்வகை மென்பொருளோடும் இணைய இடந்தந்தது. கியூட்டிக்கு ஈடான நிரலகம் படைக்க ஹார்மனி என்னும் முயற்சியும் எழுந்தது. 1998 அக்டோபரில் டெபியன் திட்டம் கே.டி.இ.யைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது.

அவ்வாண்டிலேயே, கியூட்டியின் கட்டற்ற பதிப்பு கைவிடப்படின் அதனைத் தாராள உரிமத்தில் வெளியிட ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. 1999இல் கியூட்டி 2.0, கியூ.பி.எல். என்னும் புதிய உரிமத்தில் வெளிவந்தது. இது மாற்றங்களை அனுமதித்தது. எனினும் அவற்றை மூலத்தோடு கலவாமல் தனிக்கோப்பாகவே வழங்கவேண்டும் என்றது. இந்நிபந்தனையும் பொதுமக்கள் உரிமத்தின் நோக்கில் கூடுதல் தடையே. ஆகவே, கியூட்டி கட்டற்றதாகியும் முரண் நீங்கவில்லை என்பது கருதத்தக்கது. 2000 செப்டம்பரில் கியூட்டி 2.2 பொதுமக்கள் உரிமத்திலும் வழங்கப்பட்ட பின்னரே சிக்கல் தீர்ந்தது; டெபியனும் கே.டி.இ.யை மீண்டும் ஏற்றது. ட்ரோல்டெக்கை 2008இல் வாங்கிய நோக்கியா, 2009இல் கியூட்டி 4.5ஐ மேலும் நெகிழ்வான உரிமத்திலும் வெளியிட்டது.

5. முடிவுரை

கட்டற்றதாயிருத்தல் ஓர் உரிமத்தின் தனிப்பண்பு; இணங்குதல் இரு உரிமங்களுக்கிடையேயான உறவு. முன்னது இருப்பதால் பின்னது தானே அமைந்துவிடாது. நல்லெண்ணம் இருபாலும் இருந்தும், பிரதியின் சொற்கள் மாறிய பின்னரே பிணக்கு நீங்கியது.

தமிழில் இலவசம், கட்டற்றது என இரு சொற்கள் தனித்தனியே வழங்குவது நற்பேறாகும். கலைச்சொல்லாக்கத்தில் 'இலவச மென்பொருள்' என எழுதிவிடின், மூலமொழியின் மயக்கம் தமிழிலும் குடியேறும். அதனினும், பிணக்கின் மையமான உரிமைப்பொருள் மறைந்து விலைப்பொருள் மட்டுமே எஞ்சும். 'கட்டற்ற மென்பொருள்' என்னும் ஆட்சி அப்பொருளைக் காக்கிறது. உரிம வாசகங்களை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டைப் பேணுதல் இன்றியமையாதது.