மூக்கு அறியாத நஞ்சைக் காட்டும் ஒளி
வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிலுக்கு உதவக்கூடிய புதுவகை லேசர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை - இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதுமே தோல் நினைவுக்கு வரும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் தோல் தொழிலுக்கு எல்லைக்கோடு ஏது? பாலாற்றங்கரை நெடுக அதே தொழில், அதே வாசனைதான்!

பச்சைத் தோலில் உள்ள மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பிறகு உப்பும் அமிலமும் கலந்த நீர். இந்த இரண்டு கழிவு நீரும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும்.

இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல் நாறும். "ஐயோ, நாற்றம்!" என்று மனிதன் விலகி ஓடிவிடுவான். அளவு கூடினால்தான் மோசம். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கு சேர்ந்தாலே மூக்கின் உணர்ச்சி மரத்துப்போகும். நாற்றம் தெரியாது. "காற்று சுத்தமாகிவிட்டது" என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். காற்றைவிடக் கனமான வாயு ஆகையால், அது தொட்டியின் அடியிலேயே தங்கி நிற்கும்.

மூக்கை நம்ப முடியாது. வேறு எதை நம்புவது?

வானொலி போலத் திருகலாம்

ஒளியைக் கொண்டு வாயுவைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்புதான் கடைசி நிறம். அதற்கும் அப்பால் இருப்பது அகச்சிவப்பு ஒளி. அதில் ஒவ்வொரு வாயுவுக்கும் சொந்தமான இடம் உண்டு. சாக்கடையில் கிளம்பும் மீத்தேன் 3.3 மைக்ரான் அளவுள்ள அலையை விழுங்கும். தோல் ஆலைகளில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா 10 மைக்ரானை ஒட்டிய அலைகளை விழுங்கும். (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஒளியை ஒரு பக்கம் அனுப்பி, மறுபக்கம் எந்த அலை குறைந்து வருகிறது என்று பார்த்தால் போதும். அங்கே எந்த வாயு, எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு, வானொலிப் பெட்டியில் திருகைத் திருப்பி நிலையம் பிடிப்பதுபோல், அலையை மாற்றக்கூடிய லேசர் வேண்டும்.

பாராமதியில் பிறந்தவர்

இந்தத் துறையில் வழி காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். அவர் பெயர் குமார் படேல். மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் 1938-ல் பிறந்தார். புனேயில் பொறியியல் படித்து, அமெரிக்கா சென்று, பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 1964-ல், வயது 26-கூட ஆகாத நேரத்தில், கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தார். இன்று காலணித் தோலை அச்சுப் பிசகாமல் வெட்டுவதற்கும் அந்த வகை லேசர் பயன்படுகிறது.

1970-ல் அலையை மாற்றக்கூடிய லேசர் ஒன்றையும் அவர் செய்தார். அதைக்கொண்டு காற்றில் கலந்த நைட்ரிக் ஆக்சைடை அளந்து காட்டினார். ஆனால் கருவி பெரிது. திரவ ஹீலியத்தின் கடுங்குளிரும், வலுவான காந்தமும் வேண்டும். தோல் ஆலைக்கு எடுத்துப் போகிற சாமானா அது?

பொடியிலிருந்து பளிங்கு

சிறிய கருவிக்கு வழி காட்டியது பீங்கான் முறை.

பழைய முறையில் லேசருக்கான படிகத்தை உலைக் குழம்பிலிருந்து வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். பீங்கான் முறையில் பொடியை அழுத்தி, சூளையில் சுட்டால் போதும். ஆனால் பீங்கான் கோப்பை ஏன் வெள்ளையாக இருக்கிறது? உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால்! குமிழியே இல்லாமல் சுட்டுவிட்டால் பீங்கானும் கண்ணாடி போலத் தெளியும். ஜப்பான் விஞ்ஞானி அகியோ இகேசுவே 1995-ல் இப்படிச் செய்த பீங்கானில் தரமான லேசர் எடுத்துக் காட்டினார். அதுவரை "பீங்கானில் நல்ல லேசரா?" என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்த ஆண்டே, 1996-ல், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்தார் துத்தநாக செலினைடு என்ற பொருளில் சிறிது குரோமியம் சேர்த்தார்கள். சுமார் 2 மைக்ரானிலிருந்து 3 மைக்ரான் வரை திருகிக்கொள்ளக்கூடிய லேசர் கிடைத்தது. கடுங்குளிர் வேண்டாம். சாதாரண அறையிலேயே எரியும். குரோமியத்துக்குப் பதில் இரும்பு சேர்த்தால் 4, 5 மைக்ரான் வரை போகலாம்.

குரோமியம் என்றதும் ஆம்பூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தோலைப் பதப்படுத்துவதும் அதே குரோமியம்தானே! பீப்பாயில் தோல் உருள உருள, குரோம் உப்பு மேலிருந்து உள்ளே ஊறும். லேசர்த் துண்டிலும் அப்படித்தான். மேலே குரோமியம் பூசி, காற்றை நீக்கிய குப்பியில் அடைத்து, உலையில் நாள்கணக்கில் வைத்தால் உள்ளே ஊறிவிடும்.

விலைதான் தடை

இந்த லேசர்கள் இன்னும் விலை அதிகமானவை. பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் இருக்கின்றன. அம்மோனியாவையும் மீத்தேனையும் எளிதில் பிடிக்கும் இந்த ஒளிக்கு, ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிப்பது சற்றுக் கடினம். அந்த வாயு ஒளியை மெல்லவே விழுங்கும். ஆகவே அலையை மிக நுட்பமாகத் திருக வேண்டும். ஒளியையும் நெடுந்தூரம் ஓடவிட வேண்டும்.

லேசர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சட்டைப் பையில் அடங்கும் வாயு அளவுக் கருவிகள் இன்றே கடையில் கிடைக்கின்றன. அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, மேலும் கீழும் அளந்து பார்க்கலாம். மணி அடித்தால், ஆளை இறக்கக் கூடாது.