கடையில் பிறந்த இசைத்தட்டு

சென்ற ஆண்டு எங்கள் கோட்டாறு கடையின் மச்சை ஒழித்து வெள்ளையடித்தபோது, பழைய பேரேடுகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே காகித உறையிட்ட இருபத்திரண்டு கிராமபோன் தட்டுகள். அப்பா காலத்துச் சரக்கு. மூன்று உடைந்திருந்தன. ஒரு தட்டில் குவிமாடக் கட்டிடப் படமும் ‘ஓடியன்’ என்ற பெயரும் இருந்தன. பழைய இரும்பு எடுப்பவர் பெட்டியோடு எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. அந்த முத்திரைக்குப் பின்னால் நம்மைப் போன்ற ஒரு கடைக்காரரின் கதை இருக்கிறது. வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

காரைக்குடிக் கடை

ஏவி.எம். என்றதும் சினிமா ஸ்டூடியோதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் அந்த நிறுவனத்தின் வேர் ஒரு கடை. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏவி அண்டு சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றார்கள். 1907-ல் பிறந்த அவர் மகன் மெய்யப்பன், பதின்ம வயதிலேயே கடையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத்தான் எந்தச் சரக்கு ஓடுகிறது, எது தூசி படிகிறது என்று தெரியும். வாடிக்கையாளர் என்ன பாட்டுக் கேட்டு வருகிறார், எது இல்லாமல் வெறுங்கையோடு திரும்புகிறார் என்பதை அவர் கண்டார். அடுத்தவர் போட்ட தட்டை விற்பதைவிட நாமே பாட வைத்துத் தட்டுப் போட்டால் என்ன என்று துணிந்தார். 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, கே.எஸ். நாராயண அய்யங்கார், சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களைக் கூட்டுச் சேர்த்து, ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கினார். ஓடியன் முத்திரையில் தமிழ்ப் பாட்டுகளும், பல தட்டுகள் சேர்ந்த நாடகச் செட்டுகளும் வெளிவந்தன.

முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. முத்திரை ஜெர்மனியில் 1903-ல் பிறந்தது. இரு பக்கமும் பாடும் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்து பெயர் எடுத்தது அந்த நிறுவனம். 1931-ல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆனபோது ஓடியனும் அந்தக் குடைக்குள் போயிற்று. ஆனால் யாரைப் பாட வைப்பது, எதைப் பதிவது, எந்த ஊருக்கு எத்தனை தட்டு அனுப்புவது என்ற முடிவு கடைக்காரர் கையில் இருந்தது. சரக்கைத் தெரிந்தெடுப்பவனே வியாபாரி.

கடல் கடந்த இன்னொரு கடை

இதே ஓடியன் முத்திரை தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலும் இருந்தது. அங்கும் மூலவர் ஒரு கடைக்காரரே. ஆஸ்திரியப் பேரரசிலிருந்து 1890-ல் பிழைப்புத் தேடிப் போன மாக்ஸ் குளுக்ஸ்மான், ஒரு நிழற்படக் கருவிக் கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்து, 1908-ல் அதே கடைக்கு உடைமையாளர் ஆனார். ஓடியன் ஏஜென்சி எடுத்து, அந்நாட்டுக் கிராமியப் பாட்டுகளையும், துறைமுகப் பேட்டைகளில் பிறந்த டாங்கோ இசையையும் தட்டாக்கினார். கார்லோஸ் கார்தேல் என்ற பாடகர் 1917 முதல் அவருக்குப் பாடித்தான் உலகப் புகழ் பெற்றார். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விற்பனையில் பங்கு கொடுக்கும் வழக்கத்தை அங்கே ஊன்றியவர்களில் குளுக்ஸ்மானும் ஒருவர். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாரதி பாட்டு யார் சரக்கு?

பாட்டு என்பது அரிசி, மிளகாய் போன்ற சரக்கு அல்ல. ஒரு மூட்டை மிளகாயை விற்றால் அது நம் கையை விட்டுப் போய்விடும். பாட்டை ஆயிரம் பேருக்கு விற்றாலும் மூலம் அப்படியே இருக்கும். ஆகவே அதில் உரிமை யாருக்கு என்ற வழக்கு எப்போதும் வரும்.

பாரதியார் 1921-ல் மறைந்தார். அவர் பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமையைப் பம்பாய் வணிகர் ஒருவர் 1934-ல் சில நூறு ரூபாய்க்கு வாங்கினார். பின்னர் மெய்யப்பச் செட்டியார் பல ஆயிரம் கொடுத்து அதை அவரிடமிருந்து வாங்கினார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் தமிழ்நாடெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை எங்களுடையது என்று மெய்யப்பன் தரப்பு சட்டத்தின் வழி சென்றது. விலை கொடுத்து வாங்கியவர் கேட்டதில் வியாபார நியாயம் இருந்தது. ஆனால் பாரதியின் பாட்டு ஒருவர் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளா என்று நாடே கேட்டது. டி.கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன் முதலியோர் முன்னின்று பாரதி விடுதலைக்குக் குரல் கொடுத்தார்கள்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைக் கையிலெடுத்தது. மெய்யப்பச் செட்டியார் தம் இசைத்தட்டு உரிமையை ஈடு எதுவும் பெறாமல் கொடுத்துவிட்டார். பின்னர் 1955-ல் அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டன. பணம் போட்டு வாங்கிய முதலை விட்டுக்கொடுப்பது எளிதல்ல என்பது வியாபாரிக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் செய்கையை நாம் பெரிதாக நினைக்கிறோம்.

நம் வீட்டுக் கணக்கு

ஊர்க்கதை சொல்லிவிட்டு நம் கணக்கைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது. நாஞ்சில் நாட்டின் சொந்த இசை வில்லுப்பாட்டு. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சினிமா வரை அதைக் கொண்டுபோனார். ஆனால் பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். கொடை விழாவில் இரவெல்லாம் பாடும் சுடலைமாடன் கதையை அதில் எப்படி அடக்குவது? ஒரு மணி, ஒன்றரை மணி ஓடும் கேசட் வந்த பிறகுதான் வில்லுப்பாட்டுக்குச் சந்தையில் இடம் கிடைத்தது.

1980-களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். எங்கள் கடையில் வெற்றுக் கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாக மொத்த விலைக்கு வாங்கி விற்றோம். கொடையில் மைக் செட் அருகே டேப்பை வைத்துப் பிடித்து, அதை நூற்றுக்கணக்கில் படியெடுத்து விற்றவர்களுக்குச் சரக்குக் கொடுத்தது நாங்கள்தான்.

ஒருநாள் மாலை, வில்லிசைப் புலவர் ஒருவர் அரிசிக்குக் கடன் சொல்ல வந்திருந்தார். எதிர்ச்சாரி டீக்கடையில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சற்று நின்று கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “மொதலாளி, அது நம்ம சத்தம்லா. ஊரெல்லாம் பாடுது. நமக்கு ஒரு சக்கரம் வரல்ல.”

அப்பா பதில் சொல்லவில்லை. அரிசியை அளந்து கொடுத்து, பற்றில் எழுத வேண்டாம் என்று எங்களிடம் கையைக் காட்டினார். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பாடுகிறவன் கணக்கு அதைவிட மோசம் என்று அன்று தெரிந்தது. தெரிந்தும் மறுவாரம் வெற்றுக் கேசட் லோடு இறக்கினோம்.

இப்போது புலவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் பேரன் வந்து, தாத்தா குரல் எங்காவது இருக்குமா என்று கேட்டான். தேடி எடுத்த ஒரே கேசட்டில் பூசணம் பிடித்திருந்தது. சுற்றியபோது நாடா அறுந்தது. ஒட்டிப் போட்டதில் பத்து நிமிடம் போலக் கேட்டது. பேரன் தன் செல்போனில் அதைப் பதிந்துகொண்டு போனான். விலை கேட்டான். வாங்கவில்லை. அது நம் சரக்கா, விலை சொல்ல?

செய்ய வேண்டியவை

வணிக நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, மச்சிலும் கிட்டங்கியிலும் கிடக்கும் தட்டையும் கேசட்டையும் எடைக்குப் போடாதீர்கள். தட்டைப் படுக்க வைத்து அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்டவற்றைப் பேணுகிறது. கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களில் தொடங்கியது அது.

இரண்டாவது, கடைத்திறப்புக்கோ கொடைக்கோ வில்லிசைக் குழுவை அழைத்தால், பதிவு செய்ய அவர்கள் சம்மதத்தைக் கேட்டு, அதற்குத் தனியாகப் பேசிக் கொடுங்கள். 1994 முதல் நம் நாட்டுச் சட்டத்திலும் பாடுகிறவருக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, பழைய பதிவுகள் எல்லாவற்றையும் பூட்டிவைக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகளோடு முடிகிறது. 1930-களின் ஓடியன் பதிவுகளுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. அவற்றை ஓட்டிப் பதிந்து நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

காரைக்குடிக் கடைக்காரர் இரண்டு காரியம் செய்தார். ஓடும் சரக்கை அறிந்து தாமே உண்டாக்கினார். தமக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தபோது கையைத் திறந்தார். முதற்காரியம் நமக்கு வரும். இரண்டாவதைத்தான் பழக வேண்டும். எங்கள் பெட்டியில் பத்தொன்பது தட்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றன. கேட்க விரும்பும் அன்பர்கள் கடை அடைத்த பிறகு வரலாம். ஊசியும் பெட்டியும் தயாராக இருக்கின்றன.